2006 எஸ்ஆர்22 விமானம் வாங்கலாமா? ஃப்ரிஸ்கோ வாசகருக்குப் பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறேன். வயது 43, சாஃப்ட்வேர் வேலை, எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். போன வருடம் தனியார் விமானி லைசென்ஸ் வாங்கினேன். இதுவரை 130 மணி நேரம், எல்லாமே வாடகை செஸ்னா 172. ஐஎஃப்ஆர் (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) இன்னும் எடுக்கவில்லை. இப்போது 2006 சிர்ரஸ் எஸ்ஆர்22 ஒன்று 2.75 லட்சம் டாலருக்கு வந்திருக்கிறது. எஞ்சின் 1,780 மணி நேரம் ஓடியிருக்கிறது, விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை மாற்றும் தேதி நெருங்கிவிட்டது. "ஆனுவல் (வருடாந்திரச் சோதனை) இப்போதுதான் முடிந்தது, தனியாகச் சோதனை எதுவும் வேண்டாம்" என்கிறார் விற்பவர். மனைவிக்குப் பயம், பாராசூட் இருக்கிறது என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஹூஸ்டன் பக்கம் பேர்லாந்து மீனாட்சி கோவிலுக்கு, விடுமுறையில் நியூ ஆர்லியன்ஸ் மாதிரி இடங்களுக்கு, மனைவி, 12 வயது, 8 வயதுப் பையன்களோடு போக ஆசை. இதை வாங்கலாமா, டயமண்ட் டிஏ40 நல்லதா? வாங்கிப் பயிற்சிப் பள்ளிக்கு வாடகைக்கு விட்டால் செலவு சமாளிக்கலாம் என்கிறார்களே, சரியா? பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஸ்ஆர்22 அருமையான விமானம். ஆனால் இந்த விமானத்தை, இந்த விலைக்கு, இந்த வருடம் நீங்கள் வாங்க வேண்டாம். இந்த மூன்றில் எது மாறினாலும் என் பதிலும் மாறும். எப்படி மாறும் என்று கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாவிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. எச்1பி-யில் இருப்பவர் தன் பெயரில் அமெரிக்கப் பதிவு எண் கொண்ட விமானத்தைப் பதிவு செய்ய முடியாது. தனிநபர் என்றால் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டாக வாங்கினாலும் ஒவ்வொரு உரிமையாளருக்கும் இதே தகுதி வேண்டும், அதனால் குடிமகனான நண்பரோடு பாதிப் பாதி என்பதும் நேரடியாக நடக்காது. எல்எல்சி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த நிறுவனத்தில் ஓட்டுரிமையில் 75 சதவீதமாவது குடிமக்கள் கையில் இல்லாவிட்டால் அதுவும் குடிமகன் கணக்கில் சேராது. வழக்கமாகச் செய்வது டிரஸ்ட். குடிமகனான ஒரு டிரஸ்டி பெயரில் விமானம் பதிவாகும், நீங்கள் பயனாளி, நீங்கள்தான் ஓட்டுவீர்கள், டிரஸ்டிக்கு வருடா வருடம் ஒரு தொகை போகும். இது முறையான வழி, அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ ஏற்றுக்கொள்ளும் வழி. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியும், கடன் வாங்குகிறீர்கள் என்றால் வங்கியும், டிரஸ்ட் பெயரில் இருப்பதை ஏற்க வேண்டும், எல்லாரும் ஏற்பதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பேசி முடியுங்கள்.

நம் ஆட்கள் மத்தியில் சுலபமாகக் கிடைக்கும் ஒரு யோசனை உண்டு: "சிட்டிசன் ஃபிரெண்ட் பெயரில் போட்டுவிடு, காசு நீ கொடு." வேண்டவே வேண்டாம். உண்மையான உரிமையாளரை மறைத்துப் பதிவு வாங்குவது குற்றம் என்பது ஒரு பக்கம். பதிவே செல்லாது என்றால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான்.

சரி, விமானத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் இருக்கும் பயணம் எது? பெரும்பாலும் மெக்கின்னி விமான நிலையத்திலிருந்து பேர்லாந்து. நேர்கோட்டில் ஏறக்குறைய 230 கடல் மைல். 172-இல் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிஏ40 ஒரு மணி நாற்பது நிமிடம். எஸ்ஆர்22, 170 நாட் என்று வைத்தால் ஒரு மணி இருபது. அதாவது எஸ்ஆர்22 உங்களுக்கு மிச்சப்படுத்துவது ஒரு வழிக்கு 35 நிமிடம், அதிலும் டாலஸ், ஹூஸ்டன் இரண்டு பெரிய நகரங்களின் கட்டுப்பாட்டு வான்வெளியையும் சுற்றிக்கொண்டு போகும்போது யார் ஓட்டினாலும் ஒரே நேரம்தான் வீணாகும். காரில் நாலரை மணி நேரம் ஆகும் இடத்துக்கு இந்த மூன்றில் எதில் போனாலும் லாபம்தான், அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்காக எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நியூ ஆர்லியன்ஸ் 400 கடல் மைலுக்குப் பக்கம், அங்கே வேகம் தெரியும். வருடத்தில் எத்தனை தடவை போவீர்கள் என்று நேர்மையாக உங்களையே கேட்டுப் பாருங்கள்.

எடையும் அப்படித்தான். நீங்கள் நால்வரும், கொஞ்சம் பையும் சேர்த்து 530, 540 பவுண்டு வரும் என்று நினைக்கிறேன். 172எஸ் வகையில் ஏறக்குறைய முழு டேங்க் பெட்ரோலோடு இன்று அது அடங்கும். டிஏ40-இலும் அடங்கும், இழுத்துப் பிடித்து. 2006 எஸ்ஆர்22-இல் 81 காலன் நிரப்பினால் பெட்ரோலே 486 பவுண்டு, மீதி ஏறக்குறைய 600 பவுண்டு இருக்கும்; இது விமானத்துக்கு விமானம் மாறும், அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பெரியவன் இன்னும் நாலு வருடத்தில் உங்கள் எடைக்கு வந்துவிடுவான். அப்புறம், ஊரிலிருந்து அம்மா வந்தால் இந்த மூன்றிலும் இடம் இல்லை, நாலு சீட்டுதான்.

இப்போது விலை. இருபது வயது விமானத்தை ஏன் எல்லாரும் நவீனம் என்கிறார்கள் என்று புதிதாக வருபவர்களுக்குத் தோன்றும். 1986-இல் செஸ்னா சிறிய பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது, வழக்குகளுக்குப் பயந்து. 1994-இல் 18 வருடத்துக்கு மேலான விமானத்துக்குத் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போட முடியாது என்று சட்டம் வந்த பிறகுதான் திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில்தான் கிளாப்மையர் சகோதரர்கள் சிர்ரஸை வளர்த்தார்கள். எஸ்ஆர்20-க்கு 1998-இல் சான்றிதழ் கிடைத்தது, எஸ்ஆர்22 2001-இல் வந்தது. கூட்டுப்பொருள் (காம்போசிட்) உடல், விமானி முன்னால் கணினித் திரைகள், பாராசூட் எல்லாம் சேர்ந்து வந்த தலைமுறை இது. அதனால் சந்தையில் 2006 என்பது இளமைதான். புதிய எஸ்ஆர்22 வாங்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர், அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

உங்கள் விற்பவர் கேட்கும் 2.75 லட்சம், பாதி ஆயுள் மீதமுள்ள எஞ்சின் இருந்தால் நியாயமான விலை. இதில் எஞ்சின் அப்படி இல்லை. கான்டினென்டல் ஐஓ-550-என், 310 குதிரைத்திறன், ஓவர்ஹால், அதாவது முழுசாகப் பிரித்துச் சீரமைப்பது, 2,000 மணி நேரத்தில். இன்றைக்கு அதைச் செய்து முடிக்க 70,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 35 டாலர். பாதி ஆயுளுக்கு மேல் 780 மணி நேரம் ஓடியிருக்கிறது, அது 27,000 டாலர். பாராசூட்டை 10 வருடத்துக்கு ஒருமுறை ராக்கெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும், அது சட்டப்படி கட்டாயம், தள்ளிப்போட முடியாது. 20,000 டாலர் ஒதுக்குங்கள், அதில் பாதியாவது விற்பவர் பங்கு. இரண்டையும் கழித்தால் 2.38 லட்சம் வருகிறது. நானாக இருந்தால் 2.35-க்கு மேல் பேசமாட்டேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள், வெள்ளை நிற எஸ்ஆர்22-க்குப் பஞ்சமே இல்லை. (அந்தக் கூட்டுப்பொருள் உடல் வெயிலில் சூடேறக் கூடாது என்பதால்தான் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன. டெக்சாஸில் திறந்த வெளியில் நிறுத்தி வைத்த விமானமா, ஹேங்கரில் இருந்ததா என்பதையும் கேளுங்கள்.)

2,000 மணி நேரம் என்பது தயாரிப்பாளர் பரிந்துரைதான், சொந்தப் பயணத்துக்கு ஓட்டுபவரை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். நன்றாகப் பராமரித்த எஞ்சின் அதைத் தாண்டியும் ஓடும். ஆனால் அவர் சொல்லும் அந்த உண்மைக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

"ஆனுவல் இப்போதுதான் முடிந்தது" என்பது எங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். ஆனுவல் என்பது அன்றைய தேதியில் விமானம் பறக்கச் சட்டப்படி தகுதியாக இருந்தது என்று ஒருவர் போட்ட கையெழுத்து. யார் காசில், யாருக்காக அது செய்யப்பட்டது என்று பாருங்கள். வாங்குவதற்கு முந்தைய சோதனையை நீங்கள் காசு கொடுத்து, உங்களுக்காகச் செய்ய வைக்கிறீர்கள். அதில் கேட்பது பறக்கத் தகுதியா என்பது மட்டுமல்ல, அடுத்த இரண்டு வருடத்தில் எனக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதும்தான். வேண்டாம் என்று விற்பவர் சொல்வதே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சோதனையை சிர்ரஸ் நன்றாகத் தெரிந்த பட்டறையில் வையுங்கள், இந்த விமானத்தை இத்தனை நாள் பார்த்து வந்த பட்டறையில் வேண்டாம். தன் கையெழுத்தைத் தானே குறை சொல்வது யாருக்கும் கஷ்டம்.

முதலில் காகிதம், அப்புறம்தான் கருவி. முதல் நாளிலிருந்து எல்லா லாக்புக்கும் இருக்கிறதா, நடுவில் ஒன்று தொலைந்திருக்கிறதா, பெரிய பழுது அல்லது மாற்றம் நடந்தால் எஃப்ஏஏ-வுக்கு அனுப்ப வேண்டிய 337 படிவங்கள் ஏதாவது இருக்கின்றனவா, பாதுகாப்பு உத்தரவுகள் ஒவ்வொன்றும் செய்து முடித்ததற்குப் பதிவு இருக்கிறதா. ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் முழுக் கோப்பும் வாங்கலாம், கடன் பாக்கி ஏதும் அதன் மேல் இருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும். இரண்டு பக்கமும் சேராமல், வேலை முடியும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் ஒரு எஸ்க்ரோ கம்பெனி மூலம் பணம் கைமாறட்டும். ஒப்பந்தத்தில் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்றும், பறக்கத் தகுதியைக் கெடுக்கும் குறை வந்தால் விற்பவர் செலவு என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து எஞ்சின். கம்ப்ரெஷன் எண்களை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். போரஸ்கோப் (உள்ளே விடும் சின்னக் கேமரா) போட்டு ஆறு சிலிண்டரின் எக்சாஸ்ட் வால்வையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். வால்வு முகத்தில் வெப்பக் கறை வட்டமாகச் சமமாக இருந்தால் நல்லது, ஒரு ஓரத்தில் மட்டும் வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த வால்வு எரியத் தொடங்கிவிட்டது. இந்தக் கான்டினென்டல்களில் கிராங்க் ஷாஃப்ட் இருக்கும் அடிப்பகுதி பிரச்சினையில்லாமல் ஓடும், சிலிண்டர்கள்தான் பாதி வழியில் மாற்ற வேண்டி வரும், 1,780 மணி நேரத்தில் ஆறும் முதலிலிருந்தே இருப்பவையா என்று பாருங்கள். டிஏ40-இல் இருக்கும் லைகமிங் எஞ்சினில் கவலை வேறு இடத்தில்: அதன் கேம் ஷாஃப்ட் மேலே இருப்பதால் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து துருப்பிடிக்கும். டிஏ40 பார்க்கப் போனால் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைவிட எத்தனை மாதம் சும்மா நின்றது என்பதைக் கேளுங்கள். எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய எண்ணெய் ஆய்வு அறிக்கைகளைக் கேளுங்கள். எஞ்சின் கண்காணிப்புத் தரவு இருந்தால் அதை இறக்கித் தரச் சொல்லுங்கள், முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்று அது சொல்லிவிடும், அவர் சொல்லாவிட்டாலும்.

சிர்ரஸில் தனியாகப் பார்க்க வேண்டிய சில இடங்கள். முன்சக்கரம் ஸ்டீயரிங்கில் கட்டாமல் தானாகத் திரும்பும் வகை, தரையில் திருப்புவது முழுக்க பிரேக்கால்தான். 172 பழக்கத்தில் வருபவர்கள் பிரேக்கை மிதித்தபடியே தரையில் வேகமாக ஓட்டுவார்கள், பிரேக் சூடேறி, சீல் உருகி, திரவம் கசிந்து தீப்பிடித்த விமானங்கள் உண்டு. பிரேக்கில் வெப்பம் காட்டும் ஸ்டிக்கர் இருக்கும், நிறம் மாறியிருக்கிறதா பாருங்கள், நீங்களும் இந்தப் பழக்கத்துக்குத் தயாராகுங்கள். வால் பகுதி ரன்வேயில் உரசிய தடம், முன் சக்கரக் கால் அடிபட்ட தடம், கதவு ஒழுங்காக மூடுகிறதா, இறக்கையில் பெட்ரோல் கசிவு, இவையெல்லாம் தெரிந்த பட்டறை அரை நாளில் பார்த்துவிடும். கடைசியாக அந்தக் காலத்து அவிடைன் திரைகள். வேலை செய்கிற வரைக்கும் அழகு, கெட்டுப்போனால் பழுதும் மாற்றும் பல ஆயிரம் டாலர். கார்மின் பெர்ஸ்பெக்டிவ் திரைகள் 2008-இல்தான் வந்தன. உங்களுக்கு எஸ்ஆர்22-தான் வேண்டும் என்றால் அந்த வருடத்துக்குப் பிற்பட்டதைத் தேடுங்கள் என்பேன், விலை கூடும், தலைவலி குறையும்.

இனி பாராசூட். உங்கள் மனைவியிடம் நீங்கள் சொன்னது பொய் இல்லை, முழுசும் இல்லை. 2002 அக்டோபரில், உங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லாத லூயிஸ்வில் பக்கம், ஒரு எஸ்ஆர்22-இன் இறக்கைச் சுக்கானில் (விமானத்தைச் சாய்க்கும் ஐலெரான்) ஒரு பக்கம் காற்றில் கழன்றது. ஓட்டியவர் கைப்பிடியை இழுத்தார், பாராசூட்டோடு இறங்கினார், பிழைத்தார். சிர்ரஸ் பாராசூட் உயிரைக் காப்பாற்றிய முதல் தடவை அதுதான். அந்தச் சுக்கான் ஏன் கழன்றது தெரியுமா? அதற்குச் சற்று முன்புதான் பராமரிப்பில் அதைக் கழற்றி மாட்டியிருந்தார்கள், சரியாக மாட்டவில்லை. பட்டறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று இவ்வளவு நேரம் எழுதியதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

பாராசூட்டுக்கும் எல்லை உண்டு. இந்த மாடலுக்குக் கையேடு சொல்வது: நேராகப் பறக்கும்போது இழுத்தால் 400 அடி உயரம் இழப்பு, ஒரு சுற்று ஸ்பின்னில் (சுழன்றபடி விழும்போது) இழுத்தால் 920 அடி. ரன்வேக்குத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் வேகத்தை விட்டுவிட்டு விமானம் கவிழ்ந்தால் அந்த உயரம் உங்களிடம் இருக்காது. அதோடு இந்த விமானத்தில் ஸ்பின்னிலிருந்து மீள ஒப்புதல் பெற்ற ஒரே வழியே பாராசூட்தான். தொடக்க வருடங்களில் சிர்ரஸின் உயிரிழப்பு விபத்துக் கணக்கு பாராசூட் இருந்தும் பெருமைப்படும்படி இல்லை. இழுத்திருக்க வேண்டியவர்கள் இழுக்கவில்லை, மேகத்துக்குள் போயிருக்கக் கூடாதவர்கள் போனார்கள். உரிமையாளர் சங்கமும் தயாரிப்பாளரும் சேர்ந்து, சந்தேகம் வந்தால் சீக்கிரம் இழு என்று பயிற்சியையே மாற்றிய பிறகுதான் அந்தக் கணக்கு இறங்கியது. துணி அதே துணி, கைப்பிடியும் அதேதான்.

அதனால் உங்கள் வீட்டம்மாவிடம் பாராசூட் இருக்கிறது என்று சொல்வதோடு நிறுத்தாமல், அதை இழுக்கச் சொல்லிக் கொடுங்கள். மேலே இருக்கும் மூடியைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, நேராகக் கீழே பலமாக இழுக்க வேண்டும், கொஞ்சம் இழுத்து நிறுத்தக் கூடாது. நீங்கள் மயங்கி விழுந்தால் அவர்தான் இழுக்க வேண்டும். தரையில் மோதுவது பத்துப் பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுவது போல இருக்கும், இடுப்பு வலிக்கும், விமானம் பெரும்பாலும் போய்விடும், அது இன்சூரன்ஸ்காரர் பாடு. இவ்வளவையும் கேட்டபிறகு அவர் சம்மதித்தால் அது சம்மதம்.

அடுத்தது நீங்கள். 130 மணி நேரம், எல்லாம் 172. எஸ்ஆர்22-க்கு 200 குதிரைத்திறனுக்கு மேல் என்பதால் பயிற்சியாளரின் தனிக் கையெழுத்து வேண்டும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், 172-ஐ 65 நாட்டில் இறக்கிப் பழகிய கை, 80 நாட்டில் வரும் விமானத்தைக் கையாள வேண்டும், இறங்க முடியாமல் திரும்ப மேலே ஏற முழு பவர் கொடுக்கும்போது 310 குதிரை மூக்கை இடது பக்கம் இழுக்கும், வலது கால் தயாராக இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் இதனால்தான் சிர்ரஸ் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரோடு குறிப்பிட்ட மணி நேரம் ஓட்டிவிட்டு வா என்பார்கள், ஐஎஃப்ஆர் இல்லாதவருக்குச் சிலர் விலையே சொல்லமாட்டார்கள்.

ஐஎஃப்ஆர் இல்லாமல் வேகமான விமானம் வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. 1999-இல் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர், வாங்கிச் சில மாதமே ஆன பைபர் சரடோகாவில், இரவில், மங்கலான வானத்தில், கடலுக்கு மேலே திசை உணர்வை இழந்து விழுந்தார். அவருக்கும் ஐஎஃப்ஆர் இல்லை. விமானத்தில் ஒரு கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஹூஸ்டன் பக்கம் காலையில் தாழ்வாகப் படரும் வளைகுடா மேகம் உங்களுக்குத் தெரியும், பூஜை பத்து மணிக்கு என்றால் அந்த மேகம் பதினொன்றுக்குத்தான் விலகும். அந்த ஒரு மணி நேர அவசரம்தான் ஆளைக் கொல்லும். திரையில் தெரியும் மழைப்படத்தையும் நம்பி நுழையாதீர்கள், அதில் போட்டிருக்கும் நேரத்தைவிடப் படம் 15, 20 நிமிடம் பழசாக இருக்கலாம் என்று விபத்துகளை விசாரிக்கும் என்டிஎஸ்பி 2012-லேயே எச்சரித்திருக்கிறது. டெக்சாஸ் இடி மேகத்துக்கு அந்த 20 நிமிடம் தாராளம்.

ஐஎஃப்ஆருக்கு 50 மணி நேரம் நீங்களே ஓட்டிய தொலைதூரப் பயணம், 40 மணி நேரம் கருவிப் பயிற்சி வேண்டும். குடிமகன் அல்லாதவர் என்பதால் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ-வின் சரிபார்ப்பு இதற்கும் தேவை, லைசென்ஸுக்குச் செய்தது இன்னும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருடச் செலவை என் தோராயக் கணக்கில் போடுகிறேன், நீங்கள் எக்செல்லில் சரிபாருங்கள். ஹேங்கர் 8,400, இன்சூரன்ஸ் 7,000, ஆனுவலும் அதில் வெளிவரும் பழுதும் 8,000, பாராசூட்டுக்கு ஒதுக்கீடு 2,000, டிரஸ்ட் 1,500, வரைபடத் தரவுகளுக்கு 1,000. பறக்காமலே 27,900 டாலர். பறந்தால் மணிக்குப் பெட்ரோல் 90, எஞ்சின் ஒதுக்கீடு 35, சில்லறைப் பராமரிப்பு 25, ஆக 150. வருடம் 80 மணி நேரம் என்றால் 12,000. மொத்தம் 40,000 டாலருக்கு நூறு டாலர் குறைவு, மணிக்கு 500. இதில் கடன் வட்டி இல்லை, மாநில வரி இல்லை. வாடகை 172 உங்கள் பக்கம் மணிக்கு 200 டாலருக்குள் கிடைக்கும். கணக்குப் பார்த்தால் யாரும் சொந்த விமானம் வாங்கமாட்டார்கள், அது எனக்கும் தெரியும், இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குபவர்தான் மூன்று வருடம் கழித்தும் சந்தோஷமாக ஓட்டுகிறார்.

டிஏ40 பற்றிக் கேட்டீர்கள். உங்கள் பயணத்துக்கு அது பொருத்தம். 180 குதிரைத்திறன், மணிக்கு 9, 10 காலன், வேகம் குறைந்தாலும் சட்டென்று கவிழாமல் மெதுவாகத் தாழும் இறக்கை, பாதுகாப்புக் கணக்கும் நன்றாக இருக்கிறது. ஜி1000 திரையோடு வந்த பழைய டிஏ40-இன் விலை எஸ்ஆர்22-ஐவிடப் பெரிதாகக் குறையாது, ஓவர்ஹாலும் இன்சூரன்ஸும் பெட்ரோலும்தான் குறையும். குறை என்னவென்றால், அந்தக் கண்ணாடிக் கூரை. ஜூலையில் ரன்வே முனையில் வரிசையில் நிற்கும்போது உள்ளே இட்லிப் பானைதான், பையன்கள் பாடு கஷ்டம். இறக்கை 39 அடி, பழைய ஹேங்கர் கதவில் நுழையுமா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பள்ளிக்கு வாடகைக்கு விடும் யோசனை வேண்டாம். மாணவர்கள் கையில் விமானம் தேயும், பள்ளி தன் மாணவர்களுக்குப் பயிற்சி தரும் விமானத்துக்கு 100 மணி நேரச் சோதனை கூடுதலாகச் சேரும், இன்சூரன்ஸ் ஏறும், சனிக்கிழமை காலை உங்களுக்கு விமானம் இருக்காது. அதைவிட முக்கியம், எச்1பி-யில் அந்த வருமானம் எப்படிப் பார்க்கப்படும் என்பதைக் குடியேற்ற வழக்கறிஞர் சொல்ல வேண்டும், கிரீன் கார்டு வரிசையில் இத்தனை வருடம் நின்றுவிட்டு இதில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆக என் யோசனை: இந்த வருடம் பறக்கும் கிளப் ஒன்றில் சேர்ந்து, டிஏ40 இருந்தால் அதிலேயே, ஐஎஃப்ஆரை முடியுங்கள். பேர்லாந்துக்கு வாடகை விமானத்தில் குடும்பத்தோடு சில முறை போய்வாருங்கள், சின்னவனுக்கு வாந்தி வருகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். டிரஸ்ட் வேலையை இந்த இடைவெளியில் விசாரித்து வையுங்கள். அதற்குப் பிறகு டிஏ40-ஆ 2008-க்குப் பிந்தைய எஸ்ஆர்22-ஆ என்று உங்களுக்கே தெரியும். இந்த விமானத்தை மனசு விடவே மாட்டேன் என்றால், விற்பவரிடம் எல்லா லாக்புக்கையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அத்தோடு முடிந்தது. அனுப்பினால் எஞ்சின் பக்கங்களையும், எடைக் காகிதத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.